இன்னும் கொஞ்சம் தடிக்கட்டும்

தமோட்சுவின் வயலில் வாய்க்கால் ஓரமாக நின்ற பைன் மரத்தைப் பற்றி எங்கள் ஊர் கினாஷியில் யாரைக் கேட்டாலும், "சயோகோ திட்டுமே, அந்த மரமா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அந்த சயோகோ நான்தான். திட்டியதும் உண்மைதான். காலை வெயில் அவர் வயலைத் தாண்டித்தான் என் வீட்டுக்கு வரவேண்டும். வருகிற வழியில் அந்த மரத்தின் ஒரு கிளை, ஒரே ஒரு கிளை, என் வீட்டுக் கூரை உயரத்துக்கு வளர்ந்து நின்று, துணி காயப்போடும் கொடியில் பாதியை மறைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் மத்தியானம் தாண்டியும் காலுறையெல்லாம் பிழியாத துணி மாதிரி தொங்கும்.

வருஷாவருஷம் புத்தாண்டு முடிந்து வாசல் அலங்காரத்தைக் கழற்றியதும், நான் சாலையைச் சுற்றிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நிற்பேன்.

"தமோட்சு சான், இந்த வருஷமாவது அந்தக் கிளையை வெட்டுங்க. என் துணியெல்லாம் பூசணம் பூக்குது."

"இன்னும் கொஞ்சம் தடிக்கட்டும்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வருஷமும் தடிக்கலையே."

"உங்க மண்டைதான் தடிச்சிருக்கு."

அதற்குச் சிரிப்பார். உள்ளே போய், வறுத்து சோயா சாஸில் ஊறவைத்த மொச்சையை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டுவார். நான் அதை வாங்கிக்கொண்டு முணுமுணுத்தபடி திரும்புவேன். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு நாள் போவேன். அப்போதும் கொஞ்சம் திட்டுவேன். எங்களுக்குள் பேச்சுவார்த்தை என்று சொன்னால் அவ்வளவுதான்.

நானும் பைன் வளர்க்கிறவள்தான். அதனால்தான் கோபம் இன்னும் அதிகம். போன்சாய் பைனுக்கு அடிமரம் தடிமனாக வேண்டும் என்றால், முதலில் அதைத் தொட்டியில் வைக்கக்கூடாது, வயலில் விடவேண்டும். கீழே இருக்கிற ஒரு கிளையை மட்டும் கத்தரி படாமல் இஷ்டத்துக்கு ஓடவிடவேண்டும். அது வெயிலைத் தின்று தின்று மேலே போகும், அது போகிற வேகத்துக்கு அடிமரம் தடிக்கும். வேண்டிய தடிமன் வந்ததும் ரம்பத்தைப் போட்டு அந்தக் கிளையை அடியோடு எடுத்துவிடுவோம். அதற்குப் பெயரே பலிக்கிளை. ஏழெட்டு வருஷம் விடுவார்கள். ரொம்பப் பொறுமைசாலி பத்துப் பன்னிரண்டு வருஷம் விடுவான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் எவனும் விடமாட்டான். அப்படி விட்டால் அவன் சோம்பேறியாக இருக்கவேண்டும், இல்லை கிறுக்கனாக இருக்கவேண்டும். தமோட்சு சோம்பேறி இல்லை. அவர் வயலில் மற்ற மரங்களெல்லாம் காலத்தில் வெட்டுப்பட்டு, காலத்தில் பெயர்க்கப்பட்டு, வெளியூர் போய்விடும். வாய்க்கால் ஓரத்து மரம் மட்டும் தன் கிளையோடு நின்றது. சரி, கிறுக்குதான் என்று நானும் முடிவுகட்டிவிட்டேன்.

நான் இங்கே பிறந்தவள்தான், ஆனால் திரும்பி வந்தவள். முப்பது வயது தாண்டி, ஒகயாமாவில் கட்டிக்கொண்டவனோடு ஒத்துவராமல், ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடல் பாலம் தாண்டி அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அப்பா ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. நல்லவேளை வந்தாய் என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஒரு கத்தரியை மட்டும் எடுத்துக் கையில் கொடுத்தார்.

அந்த வசந்தத்தில் சமையலறை ஜன்னலில் நின்று அரிசி கழுவும்போது, எதிர் வயலில் தமோட்சு ஒரு இளம்செடியை நட்டுக்கொண்டிருந்தார். மண்டியிட்டு, செடியைக் குழியில் வைத்து, கொஞ்சம் திருப்பி, எழுந்து நின்று பார்த்து, மறுபடி மண்டியிட்டுத் திருப்பி. ஒரு செடி நட இவ்வளவு நேரமா, இந்த ஆள் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தால் எவ்வளவு நேரம் பார்ப்பான் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்தவர் நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டார். தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார். நானும் அரிசிப் பாத்திரத்தோடு குனிந்தேன். ஒகயாமாவிலிருந்து வந்த பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. படுத்த படுக்கையாக அம்மா. கோடையில் எங்கள் பக்கம் தண்ணீருக்குத் தட்டுப்பாடு. ஏரியிலிருந்து வருகிற வாய்க்காலில் இன்று உன் முறை, நாளை என் முறை என்று பகிர்ந்துகொள்வோம். நான் அயர்ந்து தூங்கிவிட்ட ஒரு விடியலில் எங்கள் முறைக்கான மடைப் பலகையை அவரே தூக்கிவிட்டிருந்தார். அதற்கும் ஒரு தலைவணக்கம், அவ்வளவுதான். ஆனால் ஊருக்கு அவ்வளவு போதுமே. முடிதிருத்தும் கடையில் ஆரம்பித்த பேச்சு, சுற்றிச் சுற்றி அப்பா காதுக்கு வந்தது. அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் அப்பா வாய்க்கால் கரையோடு சிமென்ட் கட்டிகளை அடுக்கி என் கண் உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பினார்.

"எதுக்குப்பா இது?"

"பாம்பு வருது."

இத்தனை வருஷத்தில் நான் அங்கே பார்த்தது ஒரே ஒரு பாம்பு. அது வாசல் வழியாகத்தான் வந்தது.

சுவர் வந்த பிறகு அவர் வயலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவருக்கு மேலே இருப்பவைதான். முதலில் அவருடைய வைக்கோல் தொப்பி. பிறகு சில வருஷம் கழித்து அந்தப் பலிக்கிளையின் தலை. தொப்பி நகர்வதை வைத்து அவர் எந்த வரிசையில் என்ன வேலை செய்கிறார் என்று சொல்லிவிடுவேன். மெதுவாக நகர்ந்தால் பழைய ஊசியிலை பிடுங்குகிறார். நின்று நின்று நகர்ந்தால் கிளையை வளைக்கக் கம்பி சுற்றுகிறார். அப்பா போனார். தமோட்சுவின் அம்மா போனார். சுவரை மட்டும் யாரும் இடிக்கவில்லை. நான் இடித்தால் அதற்கு ஒரு அர்த்தம் ஆகிவிடும். அவர் இடிக்க முடியாது, சுவர் எங்களுடையது.

ஒண்டியாக இருப்பதில் எனக்கு வீம்பு உண்டு. ஆனால் வீம்பு ஒன்றும் பேசாது. சில நாள் காலையில் உடோன் நூடுல்ஸ் கடைக்குப் போய் "சின்னக் கிண்ணம், சூடா" என்று சொல்லும்போதுதான், அன்றைக்கு என் குரலை நானே முதல் தடவை கேட்கிறேன் என்று தெரியும். வீடு திரும்பி, தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, ஜன்னலில் அந்தத் தொப்பி இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் போதும். அடுப்பைப் பற்றவைப்பேன்.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் தொப்பி நகரவில்லை.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன், அதே இடம். துணி காயப்போட்டுவிட்டுப் பார்த்தேன், அதே இடம், ஆனால் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. சாலையைச் சுற்றி ஓடினேன். செருப்பு ஒன்று எங்கோ கழன்றுபோனது. அவர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கத்தரி மடியில் கிடந்தது. வலது கையை இடது கையால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றார், வாய் ஒரு பக்கமாக.

ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது தெரிந்திருக்காது. அந்தக் கையில் உணர்ச்சி இல்லையே.

ஆஸ்பத்திரிக்கு ஒரு தரம் ஆரஞ்சு கொண்டுபோனேன். உரித்து, சுளை பிரித்து, தட்டில் வைத்தேன். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கிளை?" என்றார்.

"அங்கதான் இருக்கு. துணி காயல."

நடக்க முடிந்தது. வலது கை மட்டும் திரும்பி வரவில்லை. ஹிமெஜியிலிருந்து அவருடைய தங்கை மகன் ஷின்யா வந்து எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டான். மாமா அங்கே அவர்களோடு வந்துவிடுவார். வீடு பூட்டப்படும். வயல் சூரிய மின்தகடு வைக்கிறவர்களுக்கு. மார்ச் முடிவதற்குள் மரங்களை எடுத்துவிடவேண்டும். ஷின்யா கெட்டவன் இல்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குத் திட்ட ஒரு ஆள் கிடைத்திருப்பான்.

அவர் போகக்கூடாது என்றிருந்தது எனக்கு. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை, அப்போது இருந்தது. ஏதாவது ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்துக்கொண்டேன். நாள் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் மாலை என் வீட்டு மணி அடித்தது. தெருவுக்குள் வீடு வீடாகச் சுற்றுகிற அறிவிப்புப் பலகையை இடது கையில் பிடித்துக்கொண்டு தமோட்சு நின்றார். அவருக்கு அடுத்த வீடு நான்தான். ஆனால் இத்தனை வருஷமும் அதைத் தபால் பெட்டியில் செருகிவிட்டுப் போய்விடுவாரே தவிர மணி அடித்ததில்லை.

"உள்ள வாங்க."

"இல்ல, செருப்பைக் கழட்டினா மறுபடி போட நேரம் ஆகும்." பலகையைக் கொடுத்துவிட்டு அப்படியே நின்றார். "சயோகோ சான், ஒரு உதவி. அந்தக் கிளையை நீங்க வெட்டிடணும். நாளைக்கு ரியோஹெய் மரத்தை எடுக்க வர்றான். என்னால ரம்பம் பிடிக்க முடியல."

"அதுக்கா மணி அடிச்சீங்க?"

"நீங்கதானே இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருந்தீங்க."

"தடிச்சிடுச்சா?"

"போதும்னு நெனைக்கிறேன்." வாசற்படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மரத்தை நீங்க வச்சுக்கங்க. வேண்டாம்னா ரியோஹெய்கிட்ட குடுத்துடுங்க. அவன் ரொம்ப நாளா கேக்கறான்."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?"

"வெட்டின இடத்துல களிம்பு நல்லா பூசுங்க" என்றார்.

கதவைச் சாத்திவிட்டு அந்த அறிவிப்புப் பலகையைக் கூடத்தில் விட்டெறிந்தேன். களிம்பு பூசணுமாம். நான் நேற்றுப் பிறந்தவள் பாருங்கள், எனக்குத் தெரியாது.

மறுநாள் விடிந்ததும் ரம்பத்தோடு போனேன். அவர் வயலில் நான் வேலை செய்வது அதுதான் முதல் முறை. எங்கள் ஊரில் ஒருவர் வயல் மரத்தின் அடியை இன்னொருவர் தொடமாட்டார். அது அடுத்தவர் சட்டைப் பையில் கை விடுவது மாதிரி. அவர் விழுந்த அன்று ஓடிப் போனேனே, அன்று மரத்தையா பார்த்தேன்?

ரியோஹெய் குட்டி லாரியைச் சாலையில் நிறுத்திவிட்டு வந்தான். மரம் வாங்கி விற்கிறவன், நாற்பது வயதாகியும் வாய் ஓயாதவன்.

"அக்கா, கடைசில உங்க ஆசை நிறைவேறிடுச்சு. ஊரைக் கூப்பிட்டு விருந்து வைக்கணும்."

"வாயை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் பிடி. விழும்போது மத்த மரங்க மேல விழப்போகுது."

கிளை இல்லை, அது ஒரு மரம். என் தொடை தடிமன். ரம்பம் பாதி போனதும் பிசின் கசிந்து பல்லில் ஒட்டியது. கோபத்தில் இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு திட்டு. கடைசியில் அது ஒரு பெருமூச்சு மாதிரி சாய்ந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் என் துணிக்கொடியில் முழு வெயில் விழுந்ததை நிமிர்ந்து பார்த்தேன். சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

வெட்டுவாயைச் செதுக்கி, குழிவாக்கி, களிம்பு பூசினேன். ஒரே நாளில் இவ்வளவு பெரிய கிளையையும் எடுத்து வேரையும் தோண்டுவது மரத்துக்குச் செய்கிற கொடுமை. நடுவில் ஒரு வருஷமாவது விடவேண்டும். வருஷம் எங்கே இருக்கிறது?

ரியோஹெய் மண்ணை விலக்கி வேர்க்கழுத்தைத் திறந்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அப்புறம் எழுந்து சுவர்ப்பக்கம் போய் உட்கார்ந்தான். சத்தமே இல்லை. அவன் வாய் மூடியிருப்பதே அதிசயம் என்பதால் நானும் போனேன்.

"என்னடா?"

"இங்க உக்காந்து பாருங்க அக்கா."

வாய்க்கால் விளிம்புக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் குந்தத்தான் இடம். குந்தினேன். அடிமரம் மண்ணிலிருந்து எழும்பி, இடப்பக்கம் வளைந்து, தயங்கி, வலப்பக்கம் போய், மேலே ஏறியது. பட்டை ஆமை ஓடு மாதிரி வெடித்திருந்தது. வேர்கள் இரண்டு பக்கமும் விரல் விரித்துப் பிடித்திருந்தன. ஒவ்வொரு வளைவின் வெளியிலும் ஒரு கிளை, அந்தந்த இடத்தில். இவ்வளவு அழகான கறுப்புப் பைனை நான் வளர்த்ததில்லை. பொறாமையில் எனக்கு வாய் கசந்தது.

"முன்பக்கம் இதுதான்" என்றான் ரியோஹெய்.

"உளறாத. முன்பக்கம் நடைபாதையைப் பார்த்துத்தான் இருக்கும். இவர் வயல்ல எல்லா மரமும் அப்படித்தான்."

"அப்ப நீங்க வெட்டின காயம் எந்தப் பக்கம் இருக்கு?"

நடைபாதைப் பக்கம் இருந்தது. அவர் வீட்டுப் பக்கம். பலிக்கிளையை எப்போதும் மரத்தின் முதுகில்தான் விடுவோம். பிற்பாடு வெட்டின காயம் பார்க்கிறவர் கண்ணில் படக்கூடாது. காயம் இருக்கிற பக்கம் முதுகு. அதற்கு எதிர்ப்பக்கம் முகம். இதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

"கத்துக்குட்டி கூட இப்படிப் பண்ண மாட்டான்" என்றேன். "வளர்க்கறதை வளர்த்துட்டு, முகத்தைக் கொண்டுபோய் சுவரைப் பார்த்து வச்சிருக்காரே, மனுஷன்."

"தெரியாம பண்ணல அக்கா. இங்க பாருங்க." அடியில் கையை விட்டு வேரைக் காட்டினான். "மரம் சின்னதா இருந்தப்ப, நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தோண்டி எடுத்து ஆணிவேரை வெட்டியிருக்காரு. இந்தத் தழும்பு பழசு, இது அதுக்கு அப்புறம், இது அதுக்கும் அப்புறம். ஒவ்வொரு தடவையும் கையில தூக்கியிருக்காரு. திருப்பி வைக்கணும்னா அரை நொடி வேலை. அப்படியே திரும்பவும் சுவரைப் பார்த்தே வச்சிருக்காரு. சுவரைப் பார்த்து யாராவது மரம் வளர்ப்பாங்களா? கிறுக்குதான்."

கிறுக்கு என்று நானும் தலையாட்டப் போனேன். அப்போதுதான் அந்தச் செடி நினைவுக்கு வந்தது. மண்டியிட்டு, திருப்பி, எழுந்து பார்த்து, மறுபடி திருப்பி. வசந்தத்தில் நட்டார். சுவர் வந்தது அடுத்த வருஷம். அவர் செடியை நட்டபோது இங்கே சுவர் இல்லை. சமையலறை ஜன்னல்தான் இருந்தது. ஜன்னலில் அரிசிப் பாத்திரத்தோடு நான் இருந்தேன்.

"என்ன அக்கா, ரம்பம் கையைக் கிழிச்சிடுச்சா?"

"நீ தோண்டு. நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நடந்தேன் என்பது பொய், ஓடினேன்.

தமோட்சு வாசற்படியில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெட்டி. ஷின்யா காரின் பின்கதவைத் திறந்து அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வெட்டியாச்சா?" என்றார்.

"வெட்டியாச்சு. முகம் சுவரைப் பார்க்குது."

அவர் பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது மட்டும் சிவந்தது. அறுபது தாண்டின ஆளுக்குக் காது சிவக்கும் என்று எனக்குத் தெரியாது.

"ஏன் திருப்பி வைக்கல? அத்தனை தடவை தோண்டினீங்களே."

"ஒவ்வொரு தடவையும் நெனைப்பேன்" என்றார். "சுவர் எப்பவாவது விழும்னு தோணும். பூகம்பம் ஏதாவது வரும்ல."

"பூகம்பமா!" எனக்குக் கத்தத்தான் வந்தது. ஷின்யா திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே சம்மட்டியை எடுத்து இடிச்சிருப்பேனே. பூகம்பத்துக்குக் காத்துக்கிட்டு இருந்தீங்களா? பொறுமை பைனுக்குச் சரி தமோட்சு சான். மனுஷனுக்கு அவ்வளவு ஆயுசு கிடையாது."

"ஆமா."

"என்ன ஆமா? அந்தக் கிளையையாவது காலத்துல வெட்டியிருக்கலாம்ல. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே அது தடிச்சாச்சு, எனக்குத் தெரியாதா? எதுக்கு அதை விட்டு வச்சீங்க?"

அவர் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பூனைக்குட்டியை எடுத்து வைப்பது மாதிரி.

"வெட்டிட்டா, அடுத்த வருஷம் நீங்க எதுக்கு வருவீங்க?" என்றார்.

வருஷாவருஷம் என் கூச்சலுக்காக ஒரு மனுஷன் மொச்சை வறுத்து ஊறவைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். நான் துணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"போகாதீங்க" என்றேன். ஷின்யா கேட்கத்தான் சொன்னேன். "இங்கயே இருங்க."

"சயோகோ சான்." பெயரைச் சொல்லிவிட்டு இடது கையால் கோட்டுப் பொத்தானைத் தொட்டார். "சட்டைப் பொத்தான் போட எனக்குக் காலையில பாதி போயிடுது. சாப்பிட்டா பாதி கீழ விழுது. இந்தக் கோலத்துல உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்க எனக்கு மனசு வரல."

"நேத்து வந்து நின்னீங்களே."

"அதுக்கே முந்தாநாளிலேர்ந்து தயாரானேன்."

"பொத்தான் போட்டுக்கிட்டா வரச் சொன்னேன்? வந்து உக்காருங்கன்னுதானே சொல்றேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். வாய் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. எழுந்து நின்றார். அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. கைகால் நன்றாக இருந்தபோது கேட்காத மனுஷன், கை போன பிறகு கேட்கமாட்டார். கொடுத்தாலும் வாங்கமாட்டார். ஒரே மாதிரி வீம்பு இரண்டு பேருக்கும், வேறு யாரைக் குற்றம் சொல்ல?

காரில் ஏறும்போது ஷின்யா பெல்ட்டை மாட்டிவிட்டான். கண்ணாடி இறங்கியது.

"அந்தக் காயம் மூட எத்தனை வருஷம் ஆகும்னு நெனைக்கிறீங்க?" என்றார்.

"அவ்வளவு பெரிசு. வயல்ல இருந்தாலே பத்து வருஷம். பெட்டியில வச்சா இன்னும் மேல."

"ம். இன்னும் கொஞ்சம் தடிச்சாத்தான் மூடும்" என்றார். வழக்கமான குரல்தான். நான் வழக்கமாகத் திட்டுவேனே, அந்தத் திட்டு வரவில்லை. கார் வாய்க்கால் பாலத்தைத் தாண்டித் திரும்பியது. தலை குனிந்தேன். அவரும் குனிந்திருப்பார், பின்கண்ணாடியில் பெட்டிகள்தான் தெரிந்தன.

வயலுக்குத் திரும்பினால், ரியோஹெய் மரத்தை வைக்கோல் பாயில் சுற்றி, கயிறு கட்டி வைத்திருந்தான்.

"லாரியில ஏத்தவா அக்கா? இப்படி ஒரு முகம் இந்த ஊர்லயே கிடையாது."

"ஏத்து. என் வீட்டுக்கு."

அவன் வாயைத் திறந்தான். என் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான். பிழைத்துக்கொள்வான் அந்தப் பையன்.

மரத்தைப் பெரிய மரப்பெட்டியில் ஆற்று மணலும் வயல் மண்ணும் கலந்து நட்டேன். பிறகு அப்பாவின் சம்மட்டியை எடுத்துக்கொண்டு சுவரிடம் போனேன். ஓங்கி அடித்த முதல் அடியிலேயே ஒரு பக்கம் முழுக்கச் சரிந்து வாய்க்காலில் விழுந்தது. உள்ளே கம்பியே இல்லை. அப்பா அவசரத்தில் கட்டியை அடுக்கி மேலே சிமென்ட் பூசியிருக்கிறார், அவ்வளவுதான். தமோட்சு வாய்க்காலைத் தாண்டி வந்து ஒரு தள்ளு தள்ளியிருந்தால் விழுந்திருக்கும். நான் சாய்ந்து நின்று அழுதிருந்தால் கூட விழுந்திருக்கும். விழுந்த கட்டிகளின் மேல் உட்கார்ந்து, அதைச் செய்தேன்.

மார்ச் முடிவில் இயந்திரம் வந்து அவர் வயலைச் சமன்செய்தது. சரளைக்கல் கொட்டினார்கள். இப்போது ஜன்னலில் நின்றால் கல்லுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு நேராகத் தெரிகிறது, பலகைக் கதவெல்லாம் சாத்தி. தொப்பியைத் தேடி ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் இன்னமும் அடுப்பைப் பற்றவைக்கிறேன். பழக்கம் போகவில்லை.

மரப்பெட்டியைச் சுவர் இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். ரியோஹெய் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, திருப்பி வச்சிருக்கீங்களே. சமையலறையிலேர்ந்து பார்த்தா காயம்தான் தெரியுது. முகம் பூட்டின வீட்டைப் பார்க்குது."

"தெரியும்."

"அங்க யார் இருக்கா பார்க்கறதுக்கு?"

"யாரும் இல்ல. இத்தனை வருஷம் அவர் தன் வீட்டிலேர்ந்து முதுகைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாரு. இப்ப என் முறை."

ஏப்ரலில் குருத்து வந்தது. மெழுகுவத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கவேண்டியது, விரல் நுனி அளவுக்குத்தான் வந்தது. ஆனால் வந்தது. இந்த வருஷம் குருத்து வெட்டமாட்டேன், அடுத்த வருஷமும் மாட்டேன். காயத்தின் விளிம்பில் இன்னும் பட்டை மூட ஆரம்பிக்கவில்லை. தினமும் அரிசி கழுவும்போது அதைத்தான் பார்க்கிறேன்.

புத்தாண்டு கழித்து ஹிமெஜிக்குத் தொலைபேசியில் கூப்பிடலாம். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை. துணியெல்லாம் இப்போது பத்து மணிக்குள் காய்ந்துவிடுகிறது.